நம் வீதிகளுக்கு நடுவே 196 வீடுகள்: குடியிருப்போரின் கேள்விகளும் பதில்களும்

கோவையின் கிழக்கே, திருச்சி சாலைக்கும் நொய்யலுக்கும் இடையில் இருக்கிறது நம் மனைப்பிரிவு. 14 ஏக்கர், 152 மனைகள், ஆறு வீதிகள். 1986ல் ஒப்புதல் பெற்றது. மில் வேலையில் சேர்த்த பணத்தில் சைட் வாங்கி, ஆண்டுக்கு ஓர் அறையாகக் கட்டி முடித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் வீதிகள் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் பழைய மில் குடோன் நிலம், மூன்றரை ஏக்கர், இப்போது கைமாறிவிட்டது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போவதாகச் சென்ற மாதம் பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து பால் வாங்கும் இடத்திலும் பிள்ளையார் கோயில் வாசலிலும் இதே பேச்சுதான்.

நலச்சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் மூன்று வாரமாக வீடு வீடாகப் போய்க் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் பலருக்குப் பிடிக்காது. தெரிந்தே எழுதுகிறேன்.

அங்கே என்னதான் வரப்போகிறது?

கட்டுநர் தரப்பு நம்மிடம் காட்டிய படத்தின்படி நான்கு பிளாக்குகள். தரையில் வாகன நிறுத்தம், அதன் மேல் ஐந்து மாடிகள், மொத்தம் 196 வீடுகள். கட்டடப் பரப்பு 2 லட்சத்து 40 ஆயிரம் சதுர அடி. உயரம் 18.30 மீட்டருக்குள் அடங்குகிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இல் இந்த 18.30 மீட்டர்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். சுற்றிலும் விடவேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு, முன்னே இருக்கும் சாலையின் அகலம் எல்லாவற்றுக்கும் விதி கடுமையாகிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுகொள்ளத்தான் பெரும்பாலானோர் ஐந்து மாடியோடு நிறுத்துகிறார்கள்.

இதைத் தடுத்து நிறுத்த முடியாதா?

குடியிருப்புக்கு அனுமதி உள்ள நிலத்தில், விதிப்படி வரைபடம் போட்டு, ஒப்புதல் வாங்கிக் கட்டுகிறவரை நாம் தடுக்க முடியாது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதோ, இத்தனை நாள் அமைதியாக இருந்தோம் என்பதோ எந்த அலுவலகத்திலும் செல்லாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் நம் பலம் வீணாகாது.

ஆனால் நமக்கு உரியதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒப்புதல் பெற்ற 1986 வரைபடத்தில் நமக்கென்று காட்டிய ரிசர்வ் சைட் (பொதுவுக்கு ஒதுக்கிய இடம்), வீதியின் அகலம், கிழக்கே ஓடும் பள்ளம் (ஓடை), நம் வீட்டுச் சுவர்களின் உறுதி ஆகிய நான்கும் நம்முடையவை. இந்த நான்குக்கும் கடைக்கால் தோண்டும் முன்பே எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் எல்லாமே நஷ்ட ஈட்டுப் பேச்சாகிவிடும்.

குடியிருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால்தான் கட்டலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் நமக்குப் பொருந்தாது. ஆறாவது வீதியில் நான்கு பேர் இதையே சொன்னார்கள், அதனால் விளக்குகிறேன்.

கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016 (எல்லோரும் ரெரா என்று சொல்வது) 14ஆவது பிரிவில் இது வருகிறது. ஒரு திட்டத்தை விற்றுவிட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தையோ பொதுப் பகுதிகளையோ கட்டுநர் பிறகு மாற்ற நினைத்தால், அதே திட்டத்தில் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். பூங்கா என்று காட்டி விற்ற இடத்தில் இன்னொரு பிளாக் எழுப்புகிறவர்களுக்கு எதிராக இது வலுவான ஆயுதம். நம் சொந்தக்காரர்கள் யாராவது அப்படிப்பட்ட குடியிருப்பில் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். குடோன் நிலம் நம் மனைப்பிரிவின் பகுதியாக ஒருநாளும் இருந்ததில்லை. தனி சர்வே எண், தனி உரிமையாளர். ஆகவே அங்கே நம் சம்மதம் தேவைப்படாது.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இலும் மூன்றில் இரண்டு பங்கு என்று வருகிறது. அது பழைய அடுக்குமாடிக் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு அதன் உரிமையாளர்கள் தரவேண்டிய சம்மதம். பழைய ஹவுசிங் யூனிட்டுகளில் குடியிருப்பவர்களுக்குத்தான் அது தேவைப்படும். தனித்தனி மனையில் தனித்தனி வீடு கட்டியிருக்கும் நமக்கு அல்ல.

நம் ரிசர்வ் சைட்டுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

கட்டுநர் காட்டிய படத்தில் இரண்டு வாசல்கள். ஒன்று வடக்கே பழைய மில் சாலையில். இன்னொன்று தெற்கே நான்காவது வீதியில். அந்தத் தெற்கு வாசலுக்கு வரும் பாதை எந்த இடத்தின் வழியாகப் போகிறது என்று படத்தில் எழுதவில்லை. வெறும் இரண்டு கோடுகள்தான். அந்தக் கோடுகள் போகும் இடம், நாம் வேப்பமரத்துக் காலியிடம் என்று சொல்கிற 48 சென்ட் ரிசர்வ் சைட்.

இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு பெரியவர் வீட்டு இரும்புப் பெட்டியால். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சைட் வாங்கியபோது கொடுத்த நீலப்பிரதியைக் கிரயப் பத்திரத்தோடு நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்புகளில் தாள் கிழிந்து, அவர் மனைவி பின்பக்கம் மல் துணி ஒட்டியிருக்கிறார். அதை மெதுவாக விரித்தபோது, இரண்டு இடங்களில் கோடு போட்ட கட்டங்கள், உள்ளே "பூங்கா மற்றும் விளையாட்டிடம்" என்ற எழுத்து. ஒன்று 62 சென்ட், இன்னொன்று 48 சென்ட். 40 ஆண்டுகளாக நாம் காலியிடம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

கொங்குப் பகுதியில் பல பழைய மனைப்பிரிவுகளில் நடந்தது இதுதான்: வரைபடத்தில் ரிசர்வ் சைட் என்று காட்டி ஒப்புதல் வாங்குவார்கள். அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சிலர் எழுதிக் கொடுக்காமலேயே விட்டுவிடுவார்கள். பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். இருபது, முப்பது ஆண்டு கழித்து வாரிசுகள் வந்து, பட்டா எங்கள் பெயரில்தானே என்று விற்றுவிடுவார்கள். வாங்கியவர் வேலி போடும்போதுதான் குடியிருப்போருக்குத் தெரியவரும்.

தானப் பத்திரம் இல்லை என்பதால் நம் உரிமை போய்விடாது. ஒப்புதல் வரைபடத்தில் திறந்தவெளியாகக் காட்டிய இடத்தை உரிமையாளர் மக்களுக்காகக் காப்பவராகத்தான் வைத்திருக்க முடியும், தம் விருப்பப்படி மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 1991ல், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனையே ஆனாலும் பூங்கா பூங்காதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் நம்மைப் போலக் குடியிருந்தவர்கள்தான்.

இப்போது செய்யவேண்டிய வேலைகள்: மாநகராட்சியில் அந்த 48 சென்டுக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது, 1985 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது, நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று நகல் எடுப்பது. மூன்றையும் தொடங்கிவிட்டோம். கூடவே, ரிசர்வ் சைட் வழியாக எந்தப் பாதைக்கும் அனுமதி தரக்கூடாது என்று உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் நீலப்பிரதியின் நகலோடு பதிவுத் தபாலில் மனு போயிருக்கிறது. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கிறவர்களும், வடகம் காயவைக்கிறவர்களும், மட்டை பிடித்து விளையாடும் பிள்ளைகளும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஓர் இரவில் வேலி முளைக்காது.

புதிதாக வருகிறவர்கள் பூங்காவுக்கு இடம் விட வேண்டாமா?

விட வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைப் பகுதி போக மிச்சத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்டும் வழி உண்டு. மூன்றரை ஏக்கர் என்பது 14,000 சதுர மீட்டருக்கும் மேல். ஆகவே பணம் கட்டித் தப்பிக்க முடியாது. ஏறக்குறைய 35 சென்ட், சாலைக்கு விடுவதைக் கழித்தால் சற்றுக் குறைவாக, பொது இடமாக வரவேண்டும். பொது இடம் என்றால் நாமும் போகக்கூடிய இடம். அதைப் பிளாக்குகளுக்கு நடுவே ஒளித்துவைக்காமல் பொதுச் சாலையை ஒட்டி வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம்.

நான்காவது வீதியில் கேட் போட்டு மூடிவிடலாமா?

கூடாது. வீதிகளை மாநகராட்சிக்கு ஒப்படைத்தாகிவிட்டது. அவை பொதுச் சாலைகள். நாம் கேட் போட்டால் ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் நம் பெயர்தான் வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தச் சாலையை ஒட்டி நிலம் இருக்கிறதோ அதன் அகலத்தை வைத்துத்தான் எத்தனை வீடு, எவ்வளவு உயரம் என்பது முடிவாகிறது. வரைபடத்தில் நம் வீதி 30 அடி. சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் இரண்டு இளைஞர்களும் டேப் பிடித்து நான்காவது வீதியை ஏழு இடங்களில் அளந்தோம். ஓர் இடத்தில்கூட 30 அடி இல்லை. குறைந்த இடத்தில் 24 அடி. எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான்: கார் ஏற்றும் சாய்தளம், வாசல்படி, செம்பருத்திச் செடிக்கு வைத்த கம்பிவேலி. லாரி திரும்ப இடமில்லை, ஆம்புலன்ஸ் வர முடியாது என்று மனுவில் எழுதுகிறோம். அதிகாரி வந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இவைதான். என் வீட்டுச் சாய்தளம் ஒன்றரை அடி வெளியே இருந்தது. போன வாரம் உடைத்துவிட்டேன். மற்றவர்களையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? இப்போதே பத்தவில்லையே?

கணக்காகப் பார்ப்போம். நகரங்களுக்கு வைத்திருக்கும் அளவு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். 196 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 784 பேர். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்பது நடை.

நமக்கு வருவது பவானி ஆற்றின் பில்லூர் தண்ணீர். பில்லூர் மூன்றாவது திட்டம் 2024ல் செயல்பாட்டுக்கு வந்தபின் நகரத்துக்கு வரும் அளவு கூடியிருக்கிறது. ஆனால் ஆற்றிலிருந்து வரும் அளவு வேறு, நம் வீதிக் குழாய்க்குள் வரும் அளவு வேறு. இரண்டாவது வீதி மேட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழ் வீதியில் மோட்டார் போட்டால் அங்கே குழாயில் காற்றுதான் வரும். புதிய குடியிருப்புக்கு நம் வீதிக் குழாயிலிருந்து கிளை எடுத்தால் அந்தக் காற்று எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். ஆகவே நம் கோரிக்கை: மில் சாலையில் இருக்கும் பெரிய குழாயிலிருந்து அவர்களுக்குத் தனி இணைப்பு. நம் வீதிக் குழாயில் கைவைக்கக் கூடாது.

அவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டால் நம் கிணறு வற்றிவிடுமா?

வற்றக்கூடும். நம் பகுதி பாறைப் பூமி. மணல் பூமியைப் போல அடியில் தண்ணீர் பரந்து நிற்பதில்லை. பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. அதே வெடிப்பில் அவர்கள் இன்னும் ஆழத்தில் இறக்கி இரவும் பகலும் இழுத்தால், நம் 400 அடிக் கிணற்றில் உப்புத் தண்ணீர்கூட நின்றுவிடும். வேறு வெடிப்பு என்றால் ஒன்றும் ஆகாது. தோண்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். கல் கட்டிய கயிற்றை விட்டு உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மாதத்துக்கு ஒருமுறை, அதிகாலையில் மோட்டார் போடும் முன், அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். நாளை மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்லும்போது கையில் நோட்டு இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மூன்றரை ஏக்கர் கூரையிலும் தரையிலும் விழும் மழையைப் பூமிக்குள் இறக்கினால் நமக்கும் அது நன்மைதான். குழி எத்தனை, எங்கே என்று படத்தில் காட்டச் சொல்வோம்.

கழிவுநீர் எங்கே போகும்?

உள்ளே வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியே வரும் என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 84,000 லிட்டருக்குக் குறையாது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதாகச் சொல்கிறார்கள். கட்டுவார்கள். கட்டிய பிறகு ஓட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி. மின்கட்டணமும் ஆள் சம்பளமும் மிச்சம் பிடிக்க நிலையத்தை நிறுத்திவிட்டு, இரவில் பள்ளத்தில் திறந்துவிடும் குடியிருப்புகளை நாம் பார்த்திருக்கிறோம்.

கிழக்கே ஓடும் பள்ளம் நொய்யலில் போய்ச் சேருகிறது. புலப்படத்தில் அது ஓடைப் புறம்போக்கு. சின்ன வயதில் அதில் கெண்டைக் குஞ்சு பிடித்தவர்கள் நம் வீதியிலேயே இருக்கிறார்கள். இன்று ஐப்பசி மழையில் மட்டும்தான் அதில் மழைத்தண்ணீர். அந்த மழைக்கு அதன் முழு அகலமும் வேண்டும். குடோன் நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், இதுவரை அங்கே தேங்கி ஊறிய மழை மொத்தமும் ஐந்தாவது, ஆறாவது வீதிக்குத்தான் இறங்கும். ஆகவே பள்ளத்தின் எல்லையை வருவாய்த் துறையின் நில அளவர் அளந்து கல் நட வேண்டும் என்றும், நிலத்தின் மட்டத்தை எவ்வளவு உயர்த்தப் போகிறார்கள் என்பதை வரைபடத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். நீர்வளத் துறையின் கருத்தையும் வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவையா? கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்குமா?

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். 2 லட்சத்து 40 ஆயிரம் சதுர அடி என்பது 22,000 சதுர மீட்டருக்கும் மேல். ஆகவே தேவை. அனுமதி கைக்கு வரும் முன் கடைக்கால்கூடத் தோண்டக் கூடாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காது. கட்டடத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம். விண்ணப்பம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளமான பரிவேஷ் இணையதளத்தில் ஏறும், யாரும் படிக்கலாம். அனுமதி தந்தபின் ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். நம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் திங்கள்தோறும் அந்தத் தளத்தைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்.

அனுமதி அளவைத் தொடாமல் இருக்கத் திட்டத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வரைபடம் மாறி வந்தால் முதலில் கட்டடப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தோண்டும்போது நம் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால்?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் விழுந்தது. அடுத்த மனையில் ஒரு வணிகக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் தோண்டினார்கள். ஒரு வாரத்தில் சமையலறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை, சாய்வாக ஒரு கோடு. முதலில் தலைமுடி போல இருந்தது. ஒரு மாதத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம் என்றாகிவிட்டது. கட்டியவரிடம் போய் நின்றேன். "பழைய வீடு சார், இது முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. செலவை நானே ஏற்றேன்.

நம் பகுதியில் கரிசல் மண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டி ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால், நம் கடைக்காலுக்கு அடியில் இருக்கும் மண்ணும் காய்ந்து சுருங்கிவிடுகிறது. அதுதான் விரிசலாக வெளிப்படுகிறது.

குடோன் நிலத்தை ஒட்டியுள்ள 31 வீடுகளுக்கும் வேலை தொடங்கும் முன்பே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்து நிலை அறிக்கை எடுக்க வேண்டும், செலவு கட்டுநருடையது, அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவர்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நீங்களே செய்யக்கூடியது: ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும், மேல்தளத்தையும், அன்றைய செய்தித்தாள் ஓரத்தில் தெரியும்படி படம் எடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். நம் கொத்தனார்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒரு வீட்டுக்கு அரை மணி நேர வேலை.

வெயிலும் காற்றும் மறைந்துவிடுமே?

மாலை வெயில் ஐந்தாவது வீதிக்குக் குறையும். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை உண்டு. ஆனால் வீட்டில் இருப்பதற்கே பெரும் இடைஞ்சலாகும் அளவுக்கு இருண்டால்தான் நீதிமன்றம் கேட்கும். இதில் நம்பிக்கை வைக்காதீர்கள். மொட்டை மாடியைப் பார்க்கும் பக்கம் பால்கனி வைக்காமல் படிக்கட்டை வைக்கச் சொல்லலாம். வரைபடம் முடிவாகும் முன் கேட்டால் செய்யக்கூடிய மாற்றம்தான்.

சத்தம், தூசி, லாரி?

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் அளவு. இரவில் கான்கிரீட் போடக் கூடாது என்பதற்கு இது போதும். லாரிகள் வடக்கு மில் சாலையில் மட்டும் வரவேண்டும். பள்ளி வண்டிகள் வரும் காலை, மாலை நேரங்களில் அதுவும் கூடாது. சுற்றிலும் தகரத் தடுப்பு, மண் லாரிக்குத் தார்ப்பாய். ஆஸ்துமா உள்ளவர்கள் பெயரைச் சங்கத்தில் கொடுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போகுமா?

அவர்களுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் அவர்கள் நிலத்திலேயே வரவேண்டும். நம் வேப்பமரத்தடியில் இடம் தரமாட்டோம்.

நம் வீட்டு விலை இறங்குமா, ஏறுமா?

ரிசர்வ் சைட்டும் தண்ணீரும் காப்பாற்றப்பட்டால் இறங்காது. மற்றபடி இங்கே பாதிப் பேர் விற்பதற்காக வீடு கட்டவில்லை.

யார் யாரோ வரப்போகிறார்கள். நம் பழக்கவழக்கம் என்னாவது?

இந்தக் கேள்வியைப் பலர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். வடக்கே இருந்து வருகிறவர்கள், சாப்பாடு வேறு, சாமி வேறு என்றார்கள். இதற்குச் சங்கம் எந்த மனுவும் எழுதாது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

1986ல் நாம் யார்? கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் மில்லை நம்பி வந்தவர்கள். இந்த 14 ஏக்கரில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காரர் குடும்பம் நம்மை அப்படித்தான் பார்த்திருக்கும். கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த என் அம்மாவைத் திட்டி அனுப்பாமல், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார் அந்த வீட்டு அப்பத்தா. அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வரப்போகும் 196 குடும்பங்களும் கடன் வாங்கித்தான் வீடு வாங்கும். நம் கேள்வி கட்டுகிறவரிடமும் ஒப்புதல் தருகிறவரிடமும்தான். குடிவருகிறவர்களிடம் நமக்கு வழக்கு இல்லை. சுத்திகரிப்பு நிலையம் ஓட வேண்டும், குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்பதில் நாளை அவர்களும் நம்மோடு நிற்க வேண்டியவர்கள்.

கோயிலுக்கு நன்கொடையும், வீதி முனையில் வளைவும் கட்டித்தருவதாகச் சொல்கிறார்களாமே?

சொன்னார்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூச ஐந்து லட்சம் வரை தருவதாகப் பேச்சு வந்தது. செயற்குழுவில் ஒரு மணி நேரம் பேசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வாங்கிவிட்டால் நாளை தெற்கு வாசலைப் பற்றி வாய் திறக்க முடியாது. பிள்ளையாருக்கு வர்ணம் பூச 152 வீடு போதும்.

விளம்பரப் பலகையில் முன்பதிவு என்று போட்டிருந்தார்களே, அது சரியா?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டுகிற திட்டம் ரெராவில் பதிவாக வேண்டும். பதிவு எண் வாங்கும் முன் விளம்பரமும் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. அந்தப் பலகையில் எண் இல்லை. படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்கிறோம். எழுதிக் கேட்ட மறுவாரம் பலகையை எடுத்துவிட்டார்கள். நம் வீதியில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்காக முன்பணம் கொடுக்க யோசித்ததாகக் கேள்விப்பட்டேன். பதிவு எண் வரட்டும். பதிவானபின் ஒப்புதல் வரைபடமே இணையத்தில் வந்துவிடும்.

அலுவலகத்தில் கேட்டால் ஆவணம் தருவார்களா?

வாயால் கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. "ஏன் அனுமதி தந்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த சர்வே எண்ணுக்கான திட்ட அனுமதி ஆணை, ஒப்புதல் வரைபடம், தானப் பத்திரம் ஆகியவற்றின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

விதியை மீறிக் கட்டினால் என்ன செய்ய முடியும்?

நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56, 57ஆவது பிரிவுகளில் வேலையை நிறுத்தவும், மீறிக் கட்டியதை அகற்றவும் திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. இத்தனை பெரிய குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் குடிநீர், மின் இணைப்பு தரக்கூடாது. அதிகாரிகள் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே முதல் கேள்வி, எப்போது எழுதிக் கேட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும். ஐந்து மாடியும் எழும்வரை பேசாமல் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் நீதிமன்றத்துக்கு இரக்கம் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு தபால் ரசீதையும் கோப்பில் வைக்கிறோம்.

அடுத்த கூட்டம் எப்போது? என்ன கொண்டுவர வேண்டும்?

வரும் ஞாயிறு காலை 10 மணி, வேப்பமரத்தடியில். மண்டபத்தில் வைக்கவில்லை, அந்த இடத்திலேயே கூட வேண்டும் என்பதற்காக. உங்கள் கிரயப் பத்திரத்தில் வரைபடம் இணைந்த பக்கத்தின் நகலைக் கொண்டுவாருங்கள். மனை எண்ணும் நான்கு எல்லையும் தெரிய வேண்டும். ரிசர்வ் சைட்டை எல்லையாகக் குறித்துள்ள பத்திரங்கள் குறைந்தது பத்து தேவை. இதுவரை ஆறு கிடைத்திருக்கின்றன. மூன்றாவது வீதியில் மனை எண் 71 முதல் 78 வரை உள்ளவர்கள் கட்டாயம் வரவேண்டும். உங்கள் வடக்கு எல்லைதான் அந்த 48 சென்ட். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிறோம். டேப் எடுத்து வருகிறேன். கூட்டம் முடிந்ததும் மற்ற ஐந்து வீதிகளையும் அளந்துவிடலாம்.